இருபத்தாறு பெயர்ப்பலகைகள்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். நான் ஐந்தாவது வரை படித்தவன். என் கையெழுத்து கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்று இன்றைக்கும் எனக்கு உறுதியாகத் தெரியாது. ஆனால் பிரஷ்ஷைக் கொடுத்துப் பெயிண்டில் எழுதச் சொன்னால் அச்சடித்த மாதிரி எழுதுவேன். (பார்த்து எழுத எதிரே ஒரு தாள் இருக்க வேண்டும். அது ஒன்றுதான் நிபந்தனை.) அந்தத் திறமையால்தான் ஒருமுறை மெட்ராஸிலிருந்து வந்த ஒரு கம்பெனியையே நடுங்க வைத்தேன்.

என் பெயர் சூசை. ஏற்காட்டிலிருந்து கரடியூர் போகும் வழியில் எங்கள் ஊர். காப்பி எஸ்டேட்டில் குழி வெட்டுவது என் வேலை. மீதி நேரத்தில் எங்கள் மாதா கோயிலின் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்வேன். கல் வைக்க வசதியில்லாதவர்களுக்கு மரத்தில் சிலுவை செய்து, வெள்ளையடித்து, குறுக்குச் சட்டத்தில் பெயரும் தேதியும் எழுதி நட்டுக்கொடுப்பேன். கூச்ச சுபாவம் உள்ளவனுக்கு அதைவிட நல்ல வேலை கிடையாது. யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள்.

இது நடந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். மனைவி ஆரோக்கியத்துக்கு நாலாவது மாதம். எங்கள் ஊரில் அப்போது குழாய் கிடையாது. ஓடைக்கு இறங்கி, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு செங்குத்தாக ஏறி வர வேண்டும். மழைக்காலத்தில் அந்தப் பாதையில் வழுக்கி விழாத பெண்ணே ஊரில் இல்லை. அதற்கு முந்தின வருஷம் அப்படி விழுந்த ஒருத்திக்குக் கரு கலைந்துவிட்டது. ஆரோக்கியம் குடத்தோடு இறங்கும்போதெல்லாம், அவள் ஏறி வரும்வரை நான் பாதை முனையிலேயே நிற்பேன்.

அந்தச் சமயத்தில்தான் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் பழனிசாமி ஒரு சேதி கொண்டுவந்தார். மெட்ராஸ் கம்பெனி ஒன்று எங்கள் ஊருக்குக் கீழே மொட்டையாகக் கிடந்த சரிவில் மரம் நடப்போகிறது. ஊர்க்காரர்கள் கன்றுகளைப் பார்த்துக்கொண்டால், அவர்களே பைப்பு போட்டுத் தருவதைப் பற்றியும் யோசிப்பார்கள்.

"ஏனுங்க ரைட்டரே, அவங்க என்ன மில்லா வெச்சிருக்காங்க?" என்று கேட்டேன்.

"மில்லெல்லாம் இல்ல சூசை. மத்த கம்பெனிக்காரங்களுக்கு யோசனை சொல்றாங்க. அதான் தொழிலு."

"யோசனை சொன்னாக் காசு குடுப்பாங்களாங்க?"

"நொம்பக் குடுப்பாங்க."

பின்னால் நின்ற ஆரோக்கியம், "அப்படின்னா எங்க மாமியா இந்நேரத்துக்கு ரெண்டு எஸ்டேட்டு வாங்கியிருக்கோணுமே" என்றாள்.

கம்பெனியிலிருந்து வசந்தி மேடம் என்று ஒருவர் முன்கூட்டியே வந்து பார்த்தார். சம்பாதித்தால் மட்டும் போதாது, ஜனங்களுக்கும் மண்ணுக்கும் திருப்பிச் செய்ய வேண்டும் என்று கம்பெனியில் முடிவு செய்திருக்கிறார்கள் என்றார். உண்மையிலேயே நல்ல மனுஷி. ஓடைப் பாதையில் பாதி வரை இறங்கிப் பார்த்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, "இதிலயா தினமும்?" என்று கேட்டார். பிறகு என்னிடம் வந்தார்.

"ஆளுக்கு ஒரு கன்று. ஒவ்வொண்ணு பக்கத்துலயும் வெள்ளையா ஒரு பலகை. நட்டவங்க பேரு, நட்ட தேதி. எங்க ஞாபகமா இருக்கட்டும். நீங்க பலகை எழுதுவீங்கன்னு ரைட்டர் சொன்னாரே?"

"நொம்ப வருசமா எழுதறேனுங்க."

"யாருக்கு?"

"ஊர்க்காரங்களுக்குங்க." (தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.)

"அவங்களுக்குப் பிடிச்சிருந்துதா?"

"இதுவரைக்கும் யாரும் ஒண்ணும் சொன்னதில்லைங்க."

மேடம் சந்தோஷமாகப் போய்விட்டார். பெயர்ப்பட்டியலைத் தட்டச்சு அடித்து ரைட்டருக்கு அனுப்பினார். மொத்தம் இருபத்தாறு பெயர்.

இப்போது நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு என்னை முட்டாள் என்று நினைப்பீர்கள். சரியாகத்தான் நினைப்பீர்கள். ஆனால் ஒவ்வொரு காரியமும் செய்யும்போது நியாயமாகவே இருந்தது. சரிவில் குழி வெட்டினால், வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் நீளமாக அணைத்து வைப்போம். மழை அரித்துக்கொண்டு போகாது. அதையே செய்தேன். ஆள் நீளத்துக்கு ஒரு மண் மேடு, அதன் தலைமாட்டில் ஒரு குழி. பலகை தனியாக நிற்காது, காலில் அடிக்க வேண்டும். உயரமான காலில், உச்சியிலிருந்து கொஞ்சம் கீழே தள்ளிக் குறுக்காக ஒரு சட்டத்தை வைத்து ஆணி அடித்தேன். என் கைக்கு அந்த அளவுதான் தெரியும். வெள்ளை எனாமல் ரெண்டு பூச்சு. கறுப்பில் பெயர், தேதி. ஞாபகமாக இருக்கட்டும் என்று மேடம் சொன்னாரே என்று, கீழே அழகாக 'நினைவாக' என்று எழுதினேன். இருபத்தாறிலும்.

நடும்போதாவது தெரிந்திருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். ஆடி மாதம். மூடுபனி மூன்று நாளாக இறங்கி உட்கார்ந்திருந்தது. கையில் இருந்த பலகையும் அடுத்த பலகையும் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். மொத்தமாக அந்தச் சரிவை நான் பார்க்கவே இல்லை.

அவர்கள் வரும் நாள் காலையில் ஆரோக்கியம் குடத்தை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "ஏனுங்க, வாயத் தொறந்து ஒரு வார்த்த பைப்பப் பத்திக் கேளுங்க. வெக்கப்பட்டுக்கிட்டு நிக்காதீங்க."

நான் சரிவின் அடியில் போய் நின்றேன். பனியில் சில்வர் ஓக் மரங்களிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு குருவிகூடக் கத்தவில்லை. வேன் மேலே ரோட்டிலேயே நின்றுவிட்டது போலிருக்கிறது, அதன் சத்தமும் இல்லை.

அப்போது பனிக்குள் வெள்ளையாக ஏதோ அசைந்தது.

முதலில் ஒன்று. பிறகு மூன்று. பிறகு சரிவு முழுக்க. தலை வெள்ளை, உடம்பு வெள்ளை, கால் தெரியவில்லை. பேச்சே இல்லாமல் மேட்டுக்கு மேடு நகர்ந்து, குனிந்து, எதையோ தேடின. (கம்பெனி எல்லோருக்கும் வெள்ளை பனியனும் வெள்ளைத் தொப்பியும் கொடுத்திருந்தது. அடிவாரத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்து எடுத்து முகமும் அதே நிறத்துக்கு வந்திருந்தது. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது.) பனி ஒரு நிமிஷம் விலகியது. அப்போதுதான் நான் செய்து வைத்ததை நானே முழுசாகப் பார்த்தேன். வரிசையாக மண் மேடுகள். வரிசையாக வெள்ளைச் சிலுவைகள். கண்ணுக்குத் தெரிந்த ஒவ்வொரு சிலுவைக்கு முன்னாலும் வெள்ளையாக ஓர் உருவம் நின்று, தன் பெயரைத் தானே வாசித்துக்கொண்டிருந்தது.

கல்லறைத் தோட்டத்திலேயே வளர்ந்த நான் அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்தேன். அவர்களில் ஒருவர் தன் கையைத் தானே கிள்ளிப் பார்த்தார். ஓர் அம்மாள் வீறிட்டார். மேலே பாதையில் நின்ற வேன் டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டு, திரும்பி ஓடி வேனுக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

கம்பெனி டைரக்டர் மட்டும் அசையாமல் நின்றார். நரைத்த தலை, உயரமான மனுஷர். "யாரு எழுதினது?" என்றார். குரல் மெதுவாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

அவர்களை அழைத்து வந்த ரைட்டர் என்னைக் காட்டினார். நான் எழுந்து நின்றேன்.

"என் பேர் இருக்கு. இன்னிக்குத் தேதி இருக்கு. கீழ நினைவாகன்னு வேற இருக்கு. என்னப்பா இது?"

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிந்தது. பைப்பு போச்சு என்றும் தெரிந்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது இதுதான்: "எழுத்துப் பிழை இல்லைங்களே?"

அந்த நேரம் பார்த்து, கண்ணாடி போட்ட ஒருவர் வரிசை வரிசையாக நடந்து வந்து, "சார், எனக்கு மட்டும் பலகை இல்ல. எல்லாத்தையும் பாத்துட்டேன்" என்றார். பந்தியில் இலை கிடைக்காத ஆளின் கோபம் அவர் குரலில் இருந்தது. கம்பெனியில் அந்த மாதம்தான் சேர்ந்தாராம்.

"அப்போ அந்தக் கடைசில இருக்கறது யாரோடது?" என்று டைரக்டர் கேட்டார்.

சரிவின் ஓரத்தில் ஒரு சிலுவை. அதற்கு முன்னால் யாரும் நிற்கவில்லை. வசந்தி மேடம் போய்க் குனிந்து படித்தார். நிமிரவே இல்லை. பிறகு மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார்.

"முரளி" என்றார்.

முரளி என்பவர் அவர்களோடு பத்து வருஷம் வேலை பார்த்தவர். மஞ்சள் காமாலையில் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. பட்டியல் அதற்கு முன்பே அடித்தது. யாருக்கும் அந்தப் பெயரை அதிலிருந்து எடுக்கத் தோன்றவில்லை, அல்லது மனசு வரவில்லை. கண்ணாடிக்காரர் வந்து உட்கார்ந்தது அந்த முரளியின் நாற்காலியில்தான்.

இருபத்தாறு சிலுவையில் இருபத்தைந்து பொய். ஒன்று மட்டும் நிஜம். என் முதுகில் யாரோ ஈரக் கையை வைத்த மாதிரி இருந்தது.

டைரக்டர் ஒரு பலாக்கன்றை எடுத்தார். பாலிதீன் பையைக் கிழித்து, அந்தக் குழியில் முட்டி போட்டு நட்டார். கண்ணாடிக்காரர் அதைச் சாயாமல் பிடித்துக்கொண்டார். எல்லோரும் ஆளுக்கொரு கை மண் போட்டார்கள். (அதற்குப் பிறகும் அது மரம் நடுவது மாதிரி இல்லை.)

"இது ஒண்ணு இருக்கட்டும். மத்ததையெல்லாம் புடுங்கிடுங்க" என்றார் டைரக்டர். ஆனால் ஒருவரும் தன் சிலுவையை அடுத்தவர் தொட விடவில்லை. அவரவரே கன்றை நட்டு, அவரவரே சிலுவையைப் பிடுங்கி, தோளில் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறினார்கள்.

ஓடையிலிருந்து தண்ணீர் எடுத்து வந்த எங்கள் ஊர்ப் பெண்கள் பாதையில் குறுக்கே வந்தார்கள். பனிக்குள்ளிருந்து இருபத்தைந்து மெட்ராஸ்காரர்கள் சிலுவை சுமந்து, அதிலும் சிலர் அழுதுகொண்டு வருவதைப் பார்த்ததும் குடத்தை இறக்கி வைத்து முழங்காலிட்டார்கள்.

ஆரோக்கியம் மட்டும் என்னைப் பார்த்தாள். சிலுவையைப் பார்த்தாள். என் எழுத்து அவளுக்குத் தெரியும்.

"சிலுவை தூக்கற தவக்காலம் முடிஞ்சு எத்தன மாசமாச்சு! என்ன பண்ணித் தொலச்சீங்க?"

"ஊட்டுக்குப் போய்ச் சொல்றேன்" என்றேன்.

"பைப்பக் கேட்டீங்களா?"

நான் அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன்.

பதினைந்து நாள் கழித்து வசந்தி மேடம் எஸ்டேட்டுக்குப் போன் செய்தார். அவர்கள் செய்த நல்ல காரியத்தைப் படத்தோடு புத்தகமாகப் போட்டு எல்லாக் கம்பெனிகளுக்கும் அனுப்ப வேண்டுமாம். அவர்களோடு வந்த போட்டோக்காரர் அன்று நிறைய எடுத்திருந்தார். ஆனால் ஒரு படத்தைக்கூட வெளியே காட்ட முடியாது. எல்லாவற்றிலும் ஊழியர்கள் தங்கள் கல்லறைக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். நட்ட கன்றுகளைப் பிடுங்கி மறுபடி நடவும் முடியாது, அவை வேர் பிடித்துவிட்டன. படம் எடுக்க வேறு நல்ல காரியம் வேண்டும், அதுவும் உடனே வேண்டும்.

"அடுத்த வருஷம் பாக்கலாம்னு இருந்த பைப்பை இப்பவே போட்டுடலாம்னு டைரக்டர் சொல்லிட்டார்" என்றாராம் மேடம்.

கார்த்திகை பிறப்பதற்குள் ஊர் நடுவில் தொட்டி கட்டிக் குழாய் வைத்தாகிவிட்டது. திறப்பு நாளில் வெயில் அடித்தது. கம்பெனிப் புத்தகத்தில், நிறைமாத வயிற்றோடு ஆரோக்கியம் குழாயடியில் குடம் பிடிக்கும் படம் வந்தது. பக்கத்தில் டைரக்டர் சிரித்துக்கொண்டு நிற்கிறார். தொட்டிக்குப் பின்னால் ஒரு முழங்கை மட்டும் தெரியும். அது நான்தான்.

அந்தக் குழந்தைக்குப் போன மாதம் கல்யாணம் நடந்தது. மண்டப வாசலில் மணமக்கள் பெயரெழுதிப் பலகை வைக்க வேண்டும் என்று பேச்சு வந்ததும், "நான் எழுதட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

ஆரோக்கியம் சம்பந்தி வீட்டார் பக்கம் திரும்பி, "காசு போனாப் போகுதுங்க, சேலத்துல குடுத்தே எழுதிக்கலாம். மாப்ள நூறு வருசம் நல்லா இருக்கோணும்" என்றாள்.

சம்பந்திக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் பக்கத்து ஆட்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு என் மகள் முன்பே கதையைச் சொல்லியிருக்கிறாள் போலிருக்கிறது. அன்றிலிருந்து நான் பேனாவை எடுத்தாலே எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறார். இதை எழுதும்போதும் அப்படித்தான்.

2014 நவம்பர் 19, புதன்கிழமை.