பரீட்சை வாத்தியாரும் பெயிலான ரைட்டரும்

கள்ளக்குறிச்சியில் மிகப் பலரைத் தேர்வில் தோற்கடித்தவர் என்னும் பெருமை எந்தப் பள்ளித் தலைமையாசிரியருக்கும் உரியதன்று. பேருந்து நிலையத்தின் பின்புறச் சந்தில் கணினிக் கடை வைத்திருந்த பரீட்சை வாத்தியாருக்கே அது உரியது. அவர் எந்தப் பள்ளியிலும் பாடம் நடத்தியவர் அல்லர். அவரே பத்தாம் வகுப்பைத் தாண்டினாரா என்பது சந்தில் தீராத வழக்கு. அவரிடம் தேர்வெழுதியவை பிள்ளைகளும் அல்ல. குறுந்தகட்டைப் படிக்கவும் அதில் பதியவும் கணினிக்குள் பொருத்துகிற டிவிடி ரைட்டர்கள். தோற்றதன் நெற்றியில் சிவப்பு மார்க்கரால் ‘பெயில்’ என்றெழுதி, மேசைக்கடியிலிருந்த அட்டைப்பெட்டிக்குள் எறிந்துவிடுவார். அந்தப் பெட்டி நிறைந்து வழிந்த அளவுக்கு அவருடைய கல்லாப்பெட்டி என்றுமே நிறைந்ததில்லை.

கடைக்கு மேல்மாடியில் நான் குடியிருந்தேன். வகுப்பில் நடத்துகிற தமிழ்ப் பாடங்களைப் பதிந்து வைக்கலாமே என்னும் நல்லெண்ணத்தோடு, ஒரு ரைட்டர் வாங்க ஒருநாள் படியிறங்கினேன். அலமாரியில் முத்திரை பிரிக்காத புதுப்பெட்டி இருந்தது. அதைக் கேட்டேன்.

“டப்பா புதுசு சார். உள்ள கீறவன் எப்பிடிப்பட்டவன்னு டப்பாவுக்கு இன்னா தெரியும்?” என்றவர், முத்திரையைக் கிழித்துத் தேர்வைத் தொடங்கிவிட்டார். பதிவதற்குத்தானே கேட்கிறேன், படிப்பதை ஏன் சோதிக்கிறீர்கள் என்றேன். “பேருதான் ரைட்டரு. படிக்கத் தெரியாதவன் எய்தி இன்னா கிழிக்கப் போறான்?” என்றார். தமிழாசிரியனாகிய எனக்கு அதற்குமேல் வாதாட வழியில்லை.

தேர்வுமுறை கடுமையானது. ரைட்டரை மேசைமேல் வெறுமனே கிடத்தி, கணினியோடு இணைத்து, தகட்டை உள்ளே தள்ளியபின், அதன் முதுகில் காதை வைத்துக் கண்களை மூடிக்கொள்வார். சந்தில் எவரும் பேசலாகாது. எதிர்த் தேநீர்க்கடைக்காரர் ஆற்றுவதைக்கூட நிறுத்திவிட்டுக் குவளையும் கையுமாக நிற்பார். “மூச்சு வாங்குது” என்பார் வாத்தியார். “தெரியாத எடத்துல அடிச்சு வுடறான், பாரு.” சற்று நேரத்தில் சிவப்பு மார்க்கர் வெளிவரும். என் கண்முன்னேயே அந்தப் புதுமாப்பிள்ளையும் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்தான்.

வினாத்தாள்கள் நான்கு. சாது, கைரேகை, கீறல், எமன் என அத்தகடுகளுக்குப் பெயரிட்டிருந்தார். சாது மாசற்றது. கைரேகையின்மேல் எண்ணெய் விரல்களின் தடம். கீறல், அவரே கடையின் சிமெண்டுப் படியில் பயபக்தியோடு தேய்த்துத் தேய்த்து உருவாக்கியது. எமனின் வரலாறு நீண்டது. வெள்ளிமலைக்குப் பேருந்தில் சென்றுகொண்டிருந்தவர், சாலையோரச் சாமைக் கொல்லையில் குருவி விரட்டக் குறுந்தகடுகள் கட்டித் தொங்குவதைக் கண்டு, கொலை நடப்பதைக் கண்டவர்போல் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டாராம். கொல்லைக்காரரோடு வழக்காடி, ஒரு பருவம் முழுவதும் வெயிலிலும் மழையிலும் ஆடிய தகடு ஒன்றை மீட்டு வந்தார். அதுவே எமன்.

நான்கிலும் பாடம் ஒன்றே: கரும்புச் சாகுபடி. ஒரு காலத்தில் ஊரெங்கும் இலவசமாக வழங்கப்பட்ட தகடு அது. மலைமேல் கரும்பு ஏது? ஆகவே அங்கே அது குருவி ஓட்டப் போயிற்று. இங்கோ, நாள் முழுதும் அதையே கேட்டுக் கேட்டு, ஒரு குழி நிலமும் இல்லாத தேநீர்க்கடைக்காரர் மண் அணைப்பதிலிருந்து காய்ந்த இலைச் சோகை உரிப்பதுவரை தூக்கத்தில் எழுப்பினாலும் ஒப்பிக்கும் நிலைக்கு உயர்ந்திருந்தார்.

சென்னையிலிருந்து கழுத்துப்பட்டை கட்டிய விற்பனையாளர் ஒருவர் வந்தார். மின்னல் வேகத்தில் படிக்கும் என்று தம் சரக்கைப் புகழ்ந்தார். வாத்தியார் சாதுவைக் காட்டவில்லை. நேரே எமனை ஏவினார். மின்னல், இடி மட்டும் இடித்துவிட்டு அடங்கியது. இப்படிப்பட்ட தகட்டை உலகத்தில் யாரும் போட்டுப் பார்க்கமாட்டார்கள் என்று விற்பனையாளர் குறைப்பட்டுக்கொண்டார்.

“போட மாட்டாங்களா? எங்க ஊர்ல சிடிய ஆட்டோ பின்னால கட்டுவாங்க, கொயந்த கையில குடுப்பாங்க, கொயம்பு சட்டிக்கு மூடி வெப்பாங்க. அப்பால ஒரு நாளு, இதான் எல்லாமேன்னு தூக்கிகினு ஓடியாருவாங்க. அன்னிக்கு உன் சரக்கு பல்ல இளிச்சா, நீ வந்து பதில் சொல்லுவியா?”

நண்பகல் உணவோடு வந்து நின்ற அவர் மனைவி என்னைப் பார்த்து, “நல்லவேள சார், பொண்ணு பாக்க வந்தப்போ இவுரு இந்த எமனக் கையில எடுத்துகினு வரல” என்றார். வாத்தியார் சாம்பாரை நாக்கில் வைத்துப் பார்த்து முகம் சுளித்தார். சாம்பாரும் பெயில்.

அவர் சொன்ன ‘அன்னிக்கு’ ஒரு மாசி மாத முற்பகலில் வந்தது.

கச்சிராயபாளையத்துக்கு அப்பாலிருந்து, கரும்பு வெட்டப் போகிற கணவனும் மனைவியும் வந்தனர். கரும்புச் சோகை அறுத்த கோடுகள் இருவர் கைகளிலும் இருந்தன. பச்சையம்மாள் என்று அந்த அம்மாள் தம் பெயரைச் சொன்னார். கணவர் எதுவும் சொல்லவில்லை. அவர்கள் மகன் ஏழுமலை, வெள்ளிமலைக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் ஜீப்பில் வேலை பார்த்தவன். மலைப்பாதை வளைவொன்றில் ஜீப் உருண்டது. அவனுடைய செல்பேசியும் அதிலிருந்த படங்களும் அவனோடேயே போய்விட்டன. எஞ்சியது வாக்காளர் அட்டையிலிருந்த முகம் ஒன்றுதான். அது ஊரில் யாருடையது என்று சொன்னாலும் நம்பத் தக்கதாயிருந்தது. இன்னொன்று, அவன் தங்கையின் திருமணத்தைப் பதிவுசெய்த தகடு. அதில் அவன் நடமாடுகிறான், பேசுகிறான். படம் பிடித்தவர் கடையை மூடிவிட்டு ஊரைவிட்டே போயிருந்தார். உலகத்தில் வேறு படி கிடையாது.

“மொகமாச்சும் கனாவுல வருது, வாத்தியாரே. கொரலுதான் மறந்துகினே போவுது” என்றார் பச்சையம்மாள்.

புதுக் கைக்குட்டையில் சுற்றியிருந்த தகட்டை வாத்தியார் பிரித்தார். எமன் அதன்முன் பச்சைக் குழந்தை. மின்னுகிற பக்கம் முழுவதும் சந்தனமும் குங்குமமும் காய்ந்து அப்பியிருந்தன. மகன் இறந்த நாளில் ஆண்டுதோறும் படையலில் அவன் படத்துக்குப் பதிலாக இதையே வைத்துப் பொட்டிட்டிருக்கிறார்கள். அண்மையில் போட்டுப் பார்த்தபோது ஓடவில்லை. பதறிப்போன தகப்பனார், பித்தளைச் சொம்பைத் துலக்குவதுபோல், தேங்காய் நாரும் சாம்பலும் கொண்டு ஒருபுறம் துலக்கியும் இருந்தார்.

தகட்டுக்குக் கைரேகை படவிட்டவனையே சந்தின் கோடிவரை துரத்திச் சென்று திட்டுகிறவர் வாத்தியார். அவரோ, “பொட்ட ஏம்மா இந்தப் பக்கம் வெச்ச?” என்று மட்டும், கேட்கிறதோ இல்லையோ என்னும்படி கேட்டார்.

“மொகம் தெரியற பக்கந்தானே மொகம்? முதுவுலயா பொட்டு வெப்பாங்க?”

வாத்தியார் நீரும் சோப்பு நுரையும் எடுத்து, நடுவிலிருந்து விளிம்பு நோக்கி, பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் துடைத்தார். பிறகு மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்த ரைட்டரை எடுத்தார். நான்கு வினாத்தாள்களிலும் தேறிய ஒரே மாணவன் அது. யார் கேட்டும் விற்காதது. தகட்டை வாங்கிய அது பெருவேகத்தில் சுழன்றது, உறுமியது, பின்பு நாக்கை நீட்டுவதுபோல் தட்டை வெளியே தள்ளியது. மீண்டும் கொடுத்தார். மீண்டும் நாக்கு. மூன்றாம் தாள்வரை தேறி விற்பனைக்கு நின்ற மற்ற ரைட்டர்களையும் வரிசையாகப் பொருத்திப் பார்த்தார். ஒவ்வொன்றும் ஓடியது, ஒவ்வொன்றும் கைவிரித்தது.

“பாஸானவன் எல்லாத்தையும் பாத்தாச்சும்மா” என்றவர் காதைத் துடைத்துக்கொண்டார். தகப்பனார் தகட்டைக் கைக்குட்டையில் சுற்றத் தொடங்கினார். பச்சையம்மாள் எழவில்லை. மேசைக்கடியைக் காட்டினார்.

“அந்தப் பொட்டியில கெடக்கறதெல்லாம் இன்னா?”

“அதெல்லாம் பெயிலும்மா.”

“எம் புள்ளையும் எட்டாவுதுல பெயிலுதாங்க. அவந்தான் எங்களுக்குக் கடசிவரிக்கும் சோறு போட்டான்.”

வாத்தியார் தரையில் உட்கார்ந்து அந்தப் பெட்டியைத் தம்பக்கம் இழுத்தார். சிவப்பு நெற்றிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. சிலவற்றுக்கு உயிரே இல்லை. சில, தகட்டைத் தொட்ட மாத்திரத்தில் துப்பின. அடியிலிருந்து வந்த ஒன்றின் கதை எனக்குத் தெரியும். கீறலைப் படிக்கக் காலைத் தேநீரில் தொடங்கி நண்பகல் சோற்றுவேளை ஆகியும் முடிக்காததால், சோம்பேறி என்று பட்டம் பெற்றுத் தோற்றது அது. தகட்டை வாங்கிக்கொண்ட அது உறுமவில்லை, முனகவுமில்லை. வாத்தியார் காதை வைத்தார். தேநீர்க்கடையில் ஆற்றுகிற ஓசை தானாக நின்றது.

“இவன் ஓடல” என்றார் கண்ணைத் திறவாமலே. “குனிஞ்சு பாத்து நடக்கறான்.”

திரையில் தகட்டின் பெயர் தோன்றியது. பச்சையம்மாள் எழுந்து அருகில் வந்தார். உடனே பார்க்க வேண்டும் என்றார். வாத்தியார் கையால் திரையை மறைத்தார். “இப்பவே ஓட்டுனா பாதியில செத்துடும்மா. மொதல்ல எடுத்துடறேன்.” சொல்லிவிட்டு, சொன்ன சொல்லுக்காக நாக்கைக் கடித்துக்கொண்டார். படியெடுக்கும் பச்சைக்கோடு, சுமை ஏற்றிய ஜீப் வெள்ளிமலை வளைவுகளில் ஏறுவதுபோல் நகர்ந்தது, நின்றது, மீண்டும் நகர்ந்தது. அந்த உவமையை நான் நினைத்திருக்கக் கூடாது. தேநீர் வந்தது. அந்த அம்மாள் வேண்டாமென்றார். விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று கணவர் முதன்முறையாக வாய் திறந்தார்.

கோடு முடிந்தபோது வாத்தியாரின் முகம் தெளியவில்லை. சந்தனம் தடித்திருந்த இடம் முழுவதும் போயிற்று. தாலி கட்டிய பகுதி அதில்தான் இருந்தது. குற்றம் புரிந்தவர்போல் அதைச் சொன்னார்.

“தாலி அவ கயுத்துலயே கீது. அத எதுக்கு சிடில பாக்கணும்?” என்றார் பச்சையம்மாள். “பந்தி கீதா, பாருங்க.”

பந்தி இருந்தது. படம் நின்று நின்று ஓடியது. நாகசுர ஓசை கிழிந்து கிழிந்து வந்தது. இலைகளின் வரிசையில், ரச வாளியோடு ஓர் இளைஞன் குனிந்து நிமிர்ந்து வந்தான். நெற்றியில் வியர்வை. யாரோ கேலி பேச, அவன் சிரித்தான். நேரே வந்தவன், படத்தில் தெரியாத யாரையோ பார்த்து நின்றான்.

“எம்மா, நீ இன்னும் துன்னலயா?”

அவ்வளவே. படம் உறைந்தது. அதற்குப் பிறகு தகட்டில் எதுவும் இல்லை.

“துன்னுட்டன்டா” என்றார் பச்சையம்மாள் திரையை நோக்கி.

தேநீர்க்கடைக்காரர் ஒரு குவளையையும் ஒரு பன்னையும் கொண்டுவந்து அந்த அம்மாளின் கையில் வைத்தார். பச்சையம்மாள் உண்டார்.

அதன்பிறகுதான் வாத்தியாருக்குத் தம் இயல்பு திரும்பியது. தேங்காய் நாருக்காகத் தகப்பனாரையும் சந்தனத்துக்காகத் தாயாரையும் வயிறார ஏசினார். “படைக்கறதுக்கு ஒன்னு, பாக்கறதுக்கு ஒன்னு. மாத்திப்புட்டீங்கன்னா நான் மனுசனா இருக்க மாட்டேன்” என்று தனித்தனிப் படிகள் எடுத்துக் கொடுத்தார். படையலுக்குரிய தகட்டின் மின்னாத பக்கத்தில் மார்க்கரால் ஒரு வட்டம் போட்டு, உள்ளே ‘பொட்டு இங்க’ என்று எழுதினார். அவர்கள் போனபின், சோம்பேறி ரைட்டரின் நெற்றியை ஸ்பிரிட்டு நனைத்த துணியால் தேய்த்தார். எழுத்து முழுவதும் போகவில்லை. எழுதும்போது அத்தனை அழுத்தம் கொடுத்திருந்தார். மஞ்சள் துணியை முதல் மாணவனிடமிருந்து உருவி அதற்குச் சுற்றினார். தேர்வுகள் பின்னும் நடந்தன; ஆனால் தோற்றவற்றின் நெற்றியில் அவர் ‘மெதுவு’ என்றே எழுதினார். எனக்கு மட்டும் கடைசிவரை ஒரு ரைட்டரும் விற்கவில்லை.

சென்ற ஆண்டு, கடையில் உட்கார்ந்திருந்தபடியே மார்வலி வந்து வாத்தியார் போய்விட்டார். மேசைமேல் ஒரு ரைட்டர் இருந்தது. காதை வைத்த நிலையிலேயே சாய்ந்திருந்ததால், தேர்வு நடக்கிறது என்றெண்ணிச் சந்து நெடுநேரம் பேசாமலே இருந்துவிட்டது.

கருமாதியன்று படையலில் அவருக்குப் பிடித்தவற்றை அடுக்கினார்கள். வடை, அதிரசம், வெற்றிலை பாக்கு. மனைவி சாம்பாரை வைக்கும்போது மட்டும் படத்தைச் சற்று முறைத்தார். அப்போது பச்சையம்மாள் வந்தார். தேநீர்க்கடைக்காரர் சொல்லியனுப்பியிருக்கிறார். கும்பிட்டுவிட்டுப் பையிலிருந்து ஒரு தகட்டை எடுத்து இலையோரத்தில் வைத்தார். மின்னாத பக்கம் மேலே இருந்தது. வாத்தியார் போட்ட வட்டத்துக்குள்ளே, கோட்டைத் தாண்டாமல், புதுச் சந்தனமும் அதன்மேல் குங்குமமும்.

“இப்ப சரியா வெச்சிகீறனா, வாத்தியாரே?”

படத்தில் வாத்தியார் வழக்கம்போல் தலையை ஒருபுறம் சாய்த்து, எதற்கோ காது கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் சொல்ல வேண்டியதை யாரேனும் சொல்லியாக வேண்டியிருந்தது.

“பாஸும்மா” என்றேன்.