வீட்டுக்கு ஒரு கூறு சைக்கிள்

அரசாங்கத்துக்கு ஒரு பொருளை விற்பது சுலபம். சும்மா கொடுப்பதுதான் கஷ்டம். பூவேரிக்கண்டிகை வசந்தாவுக்கு இது முன்பே தெரிந்திருந்தால் கம்பெனியில் வாயைத் திறந்திருக்கவே மாட்டாள்.

ஆந்திர எல்லையில், சத்தியவேட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில் அவளுக்கு வயர் கோக்கும் வேலை. கம்பெனி பஸ் மெயின் ரோட்டோடு போய்விடும், ஊருக்குள் வராது. விடிவதற்குள் கிளம்பி, ஏரிக்கரையோடு அத்தனை தூரமும் நடந்து போய்த்தான் அவள் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பஸ் போய்விட்டால் அன்றைய வேலை போச்சு. அடிக்கடி போய்விட்டால் வேலையே போச்சு. கடைசி எச்சரிக்கையும் வாங்கியாகிவிட்டது. புருஷன் சண்முகம் சென்னையில் கட்டட வேலை செய்கிறான். மாதத்துக்கு ஒருமுறை வந்து, "சீக்கிரமா எழுந்துக்கோ" என்று யோசனை சொல்லிவிட்டுத் திரும்பிப் போவான்.

அப்போதுதான் கம்பெனிக்குள் ஆட்கள் போய்வர பேட்டரி வண்டி வாங்கினார்கள். அதுவரை உபயோகித்த பழைய சைக்கிள்கள் எல்லாம் ஓரமாய்க் கிடந்தன. வசந்தா மேனேஜரிடம் போய், "எங்க ஊருக்குக் குடுங்க சார்" என்றாள். எனக்கு ஒன்று கொடுங்கள் என்றே கேட்டிருக்கலாம். ஊருக்கு என்று கேட்டால் மரியாதையாக இருக்குமே என்று நினைத்துவிட்டாள். மரியாதைக்கு ஆசைப்பட்டவர்கள் யார்தான் உருப்பட்டார்கள்?

ஒரு லாரி நிறைய சைக்கிள் வந்து பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் இறங்கியது. பஞ்சாயத்துத் தலைவரான சர்பஞ்ச் கோவர்த்தனன் தேங்காய் உடைத்தார். சரியாகச் சொன்னால் சர்பஞ்ச் அவருடைய மனைவி வெங்கடம்மாதான். பெண்களுக்கு ஒதுக்கிய இடம் என்பதால் தேர்தலில் நின்றதும் ஜெயித்ததும் அந்த அம்மாள். ஆனாலும் ஊரில் அவரைச் 'சர்பஞ்ச்' என்றும், அந்த அம்மாளைச் 'சர்பஞ்ச் சம்சாரம்' என்றும்தான் சொல்வார்கள். கூட்டம் நடந்தால் வெங்கடம்மாவுக்கு ஒரு நாற்காலி போடுவார்கள். பேசச் சொல்லி யாரும் தொந்தரவு கொடுத்ததில்லை.

வசந்தா ஒரு சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பிடித்தாள். பஞ்சாயத்துச் செயலாளர் ஹரிபிரசாத் ஓடிவந்து மறித்தார். சித்தூர்க்காரர்; தமிழில் பாதி தெலுங்கு கலந்திருக்கும். ரூலைக் கேட்காமல் தும்மமாட்டார்.

"நாளைக்குக் காலைல பஸ்ஸுக்குப் போவணும் சார். ஒண்ணு எடுத்துக்கினு போறேன்."

"காதம்மா. இதுக்கு பில் லேது. பில் இல்லேன்னா வெல இல்ல. வெல இல்லாத சாமான் ஸ்டாக்ல ஏறாது. ஸ்டாக்ல இல்லாதத நான் உனக்கு எப்படிக் குடுக்கறது?"

"கண்ணு முன்னாடி நிக்குதே சார்?"

"நிக்குது. ஆனா இல்ல."

இல்லாத சைக்கிள்களை யாராவது திருடிவிடப் போகிறார்கள் என்று அன்றைக்கே சங்கிலி போட்டுப் பூட்டினார்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். அது நம்மைப் போன்றவர்களுக்குச் சொன்னது. மண்டல ஆபீஸிலிருந்து மதிப்பீட்டுக் குழு ஒன்று ஜீப்பில் வந்தது. ஒவ்வொரு சைக்கிளையும் தட்டிப் பார்த்தது, மோர் குடித்தது, போய்விட்டது. சில வாரம் கழித்து முடிவு வந்தது: 'மேற்படி சைக்கிள்கள் யாவும் நல்லபடி ஓடும் நிலையில் உள்ளன. ஆகவே அவற்றை யாரும் ஓட்டிவிடாமல் பாதுகாக்க வேண்டியது. தகுதியுள்ள ஏழைகளுக்கு மட்டும் வழங்கலாம்.'

வசந்தா லீவு போட்டுவிட்டுத் தகுதியைக் காட்டப் போனாள்.

"உனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியுமா?" என்றார் ஹரிபிரசாத்.

"நல்லாத் தெரியும் சார்."

"அப்படின்னா எப்பவோ உன்கிட்ட சைக்கிள் இருந்திருக்கு. இருந்தவங்களுக்கு மறுபடி குடுக்க ரூல் இல்ல."

"அப்ப தெரியாதுன்னு எழுதிக்கோங்க."

"தெரியாதவங்களுக்குக் குடுத்து, விழுந்து கால் ஒடஞ்சா எவரம்மா ஜவாபு?"

இந்தக் கணக்குப்படி ஊர் முழுவதும் சலித்துப் பார்த்ததில் தகுதியுள்ளவர் ஒருவர்கூடத் தேறவில்லை. ஏழ்மை ஒழிந்துவிட்டதாக ஹரிபிரசாத் மேலே எழுதினார்.

இதற்குள் கோவர்த்தனன் திருப்பதிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தார். வந்ததிலிருந்து அவர் கண்ணில் ஒரு பிரகாசம்.

"அங்க ஒரு காபிக் கடையில பழைய சைக்கிளுக்கு மஞ்சப் பெயின்ட் அடிச்சி செவுத்துல மாட்டிக்கீறான். கூடையில பூச்செடி. ஜனம் அதுங்கூட நின்னுக்கினு போட்டோ புடிக்குது. காபிய ஆறவுட்டுட்டுப் புடிக்குதுன்னா பாத்துக்கோயேன்! நம்ப ஊர்லயும் ஒரு செல்ஃபி பூங்கா வெச்சிடலாம்."

"ஓட்றதுக்கு ஒண்ண வுட்டுட்டு மிச்சத்த மாட்டுங்க மாமா" என்றாள் வசந்தா.

"ஓட்ற சைக்கிள எவம்மா போட்டோ புடிப்பான்?"

பூங்கா என்றதும்தான் ஊர் விழித்துக்கொண்டது. அதுவரை அந்தத் துருப்பிடித்த சைக்கிள்களைத் திரும்பிப் பார்க்காதவர்கள்கூட கிராம சபைக்கு வந்து குதித்தார்கள். வாசலில் இரண்டு மோட்டார் பைக் நிற்கிற வீட்டுக்காரர்களும் வந்தார்கள். ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிக்கிற உலகம் இது. வீடுகளோ சைக்கிள்களைப் போல மூன்று மடங்கு. "வசந்தாவுக்கு ஒண்ணுன்னா எங்களுக்கும் ஒண்ணு" என்று எல்லோரும் கத்தினார்கள். வசந்தா கத்தியது யாருக்கும் கேட்கவில்லை.

சண்டையைத் தீர்த்துவைத்தவர் ரங்கையா. ஊர்த் தெய்வம் கங்கம்மாவின் ஜாத்திரையில் ஆடு வெட்டினால் கூறு போடுவது அவர்தான். எத்தனை வீடோ அத்தனை கூறு; ஒவ்வொன்றிலும் ஈரல் கொஞ்சம், எலும்பு கொஞ்சம், கொழுப்பு கொஞ்சம். பிறகு ஒருவர் கூறுக்கு முதுகைக் காட்டி நின்றுகொள்வார். ரங்கையா ஒரு கூறைத் தொட்டு, "இது யாருக்கு?" என்பார். முதுகு காட்டுகிறவர் எந்த வீட்டைச் சொல்கிறாரோ அந்த வீட்டுக்கு அந்தக் கூறு. அது கங்கம்மா வாக்கு. அதை எதிர்த்து இதுவரை ஒருவரும் பேசியதில்லை.

"ஆட்டையே பிரிச்சிக் குடுத்தவன், சைக்கிளப் பிரிக்க மாட்டனா?" என்றார் ரங்கையா.

ஊரே கை தட்டியது. யாருக்கும் குறை வைக்காத முறை என்று ஹரிபிரசாத்துக்கும் மகா திருப்தி. கம்ப்யூட்டரில் கூறுக்கு இடம் இல்லாததால், எல்லா வீட்டுக்கும் நேராக 'வாகனம் வழங்கப்பட்டது' என்று ஏற்றிவிட்டார்.

ஒரு பகல் முழுக்க ஸ்பேனர் சத்தம். ஓடும் நிலையில் இருந்த அத்தனை சைக்கிளும் சாயங்காலத்துக்குள் கூறாகிவிட்டன. ஒரு வீட்டுக்குச் சக்கரம், ஒரு வீட்டுக்கு ஹேண்டில்பார், ஒரு வீட்டுக்கு சீட்டும் அரைமுழம் செயினும். வசந்தாவுக்கு ஒரு பெல்லும் ஒரு பெடலும் வந்தன. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வீட்டுக்குப் போய்ப் பெல்லை அடித்துப் பார்த்தாள். நல்ல பெல்.

சக்கரம் கிடைத்தவர்கள் அதில் சீரியல் லைட் சுற்றி வாசலில் மாட்டினார்கள். திருப்பதி ஃபேஷன். மற்றவர்கள் பழைய இரும்புக்காரனிடம் போட்டு வெங்காயம் வாங்கித் தின்று தீர்த்தார்கள். வசந்தா ஞாயிற்றுக்கிழமை தோறும் வீடு வீடாக ஏறி, இரும்புக்காரன் கொடுத்ததைவிட ஒரு கை அதிகம் வெங்காயம் கொடுத்து, மிச்சமிருந்ததை வாங்கிச் சேர்த்தாள். லைட் எரியாமல் போன பிறகு சக்கரங்களும் மலிவாகக் கிடைத்தன. கம்பெனியில் ஆயிரம் வயரைக் கோக்கிறவளுக்கு இதைக் கோக்கத் தெரியாதா? ஒரு நாள் காலையில் ஏரிக்கரையில் பெல் சத்தம் கேட்டது. பஸ் வருவதற்கு முன்பே வசந்தா மெயின் ரோட்டில் நின்றிருந்தாள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"இந்தக் காலத்துல போயி சைக்கிளா?" என்று ஊர் சிரித்தது.

அடுத்த மாதம் ஊர் சிரிப்பதை நிறுத்திக்கொண்டது. ரேஷன் அரிசி யாருக்கும் வரவில்லை. எல்லோரும் ஆபீஸுக்கு ஓடினார்கள்.

"மீ ஊர்ல எல்லார்கிட்டயும் வாகனம் இருக்குன்னு கம்ப்யூட்டர் இப்பத்தான் செப்புது" என்றார் ஹரிபிரசாத். "வாகனம் இருந்தா வசதியானவங்க. வசதியானவங்களுக்கு அரிசி லேது."

"எங்க வூட்டுக்கு வந்தது ஒரு பிரேக் கட்டை சார்!"

"எத்தனை சக்கரம், எத்தனை கட்டைன்னு அது கேக்கல. உண்டா, லேதா, அவ்ளோதான். வாகனத்தத் திருப்பிக் குடுத்தா பேர எடுத்துடலாம். முழு வாகனமா இருக்கணும். நீங்க அத ஓட்டிக்கினு வர்ற மாதிரி ஒரு போட்டோ."

ஊரில் முழுதாக இருந்த சைக்கிள் ஒன்றே ஒன்றுதான்.

மறுநாள் வசந்தா வீட்டு வாசலில் ஊரே நின்றது. சிரித்தவர்கள் முன்வரிசையில் நின்றார்கள். அவள் மனசு கேட்கவில்லை, கொடுத்தாள். ஒவ்வொருவராக அதை ஓட்டிக்கொண்டு ஆபீஸின் முன்வாசல் வழியாக நுழைந்தார்கள். ஹரிபிரசாத் போனில் இருந்த அரசாங்க ஆப்பில் போட்டோ பிடித்தார். சைக்கிள் பின்வாசல் வழியாக வெளியே போய் அடுத்தவர் கைக்கு வந்தது. ஓட்டத் தெரியாதவர்களை இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். ஆள் மாறுகிறாரா என்று ஆப் கேட்டது. சைக்கிள் மாறுகிறதா என்று கேட்கவில்லை, ஹரிபிரசாத்தும் கேட்கவில்லை.

கடைசியாக வசந்தாவின் முறை. அவளுக்கும் அரிசி வேண்டுமே. ஓட்டிக்கொண்டு உள்ளே போனாள். போட்டோ எடுத்ததும் ஹரிபிரசாத் பின்வாசலைச் சாத்திச் சைக்கிளைச் சங்கிலியால் பூட்டினார்.

"ஸ்டாக்குன்னு ஏதாச்சும் இருக்கணும் கதம்மா?"

வசந்தா மறுபடி நடந்தாள். ஒரு பஸ் தவறியது. இன்னொன்று தவறினால் வேலை இல்லை என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டான்.

மேலே இருந்தவர்கள் கணக்கைப் பார்த்துப் பூரித்துப்போனார்கள். ஒரு லாரி சைக்கிள் கொடுத்து மூன்று லாரி சைக்கிள் திரும்பி வந்த ஒரே பஞ்சாயத்து இதுதான். பாராட்டோடு உத்தரவும் வந்தது: 'சைக்கிள்களின் எண்ணிக்கை வீடுகளின் எண்ணிக்கைக்குச் சமமாக உயர்ந்துவிட்டபடியால், வீட்டுக்கு ஒன்றாக உடனே வழங்கவும்.'

முகூர்த்தம் விடிகாலையில் குறித்தார்கள். இந்த முறை முழு சைக்கிள் என்று கேள்விப்பட்டு ஊரே குளித்துவிட்டு வந்தது. தான் திருப்பிக் கொடுத்தது எது என்பதை எல்லோரும் சௌகரியமாக மறந்திருந்தார்கள். பஸ்ஸுக்குக் கிளம்பிய வசந்தாவும் கையில் டிபன் பாக்ஸோடு ஓரமாக நின்றாள். கதவைத் திறந்தார்கள். உள்ளே ஒரே ஒரு சைக்கிள்.

கோவர்த்தனன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு ஊர்ப்பக்கம் திரும்பினார்.

"ஒண்ணுதான் கீது. பரவால்ல. வூட்டுக்கு ஒரு போக்ஸ் கம்பியாச்சும் வரும். ரங்கையா, கூறு போடு."

பாராட்டு வந்த நாளாயிற்றே என்று, முதுகு காட்டி நிற்கும் கௌரவத்தை வெங்கடம்மாவுக்குக் கொடுத்தார்கள். அந்த அம்மாள் நாற்காலியிலிருந்து எழுந்து திரும்பி நின்றார். ஹரிபிரசாத் சங்கிலியைக் கழற்றினார். ரங்கையா ஸ்பேனரை எடுக்கும் முன் பழக்க தோஷத்தில் சைக்கிளைத் தொட்டுக் கும்பிட்டு, "இது யாருக்கு?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டார்.

"வசந்தா வூட்டுக்கு" என்றார் வெங்கடம்மா.

"இன்னும் பிரிக்கவே இல்லையே!" என்று கோவர்த்தனன் பதறினார்.

"கேட்டாங்க, சொன்னேன்" என்றார் சர்பஞ்ச்.

கங்கம்மா வாக்கு. மீற யாருக்குத் துணிச்சல் உண்டு? வசந்தா டிபன் பாக்ஸை கேரியரில் சொருகினாள். ஒரு மிதி மிதித்தாள். ஊர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தபோது, ஹரிபிரசாத் உத்தரவுப்படி எல்லா வீட்டுக்கும் நேராக 'வாகனம் வழங்கப்பட்டது' என்று கம்ப்யூட்டரில் ஏற்றி முடித்தார்.

அடுத்த மாதம் யாருக்கும் அரிசி வரவில்லை. விடிவதற்கு முன்பே வசந்தா வீட்டு வாசலிலிருந்து ஏரிக்கரை வரை வரிசை நின்றது.

"ஒரே ஒரு போட்டோ, வசந்தா!"

அவள் பெல்லை அடித்து வழி கேட்டாள்.

"பஸ்ஸுக்கு நேரமாவுது. வேல வுட்டு வந்து தரேன். அதுவரைக்கும் வரிசை கலையாம நில்லுங்க."