மொசைக் கொண்ட மூக்குக்கண்ணாடியார்

வாழ்க மூக்குக்கண்ணாடியார்! மங்கிய விழிகளுக்கு ஒளி வழங்கும் வள்ளல், வளைந்த சட்டங்களை நிமிர்த்தும் வல்லவர், கடுகினும் சிறிய திருகாணிகளைச் சட்டைப்பையில் சிறைவைத்த சீரியர், தம் கண்ணாடியைத் தம் நெற்றியிலேயே ஏற்றிவைத்துக்கொண்டு வீடெங்கும் தேடும் பெருந்தகை, அவர் வாழ்க! அவர் வெற்றியைப் பாடப் புகும் எம் நா குழறாதபடி, எல்லோரையும் சுமந்தும் எவரிடமும் ஒரு நன்றி பெறாத தரையே, நீயே முன்னின்று காப்பாயாக!

கீழே கண்ணாடிக் கடையும் மேலே குடியிருப்புமாக அப்பெருமகனார் ஒரு மாளிகை எழுப்பினார். எழுப்பினார் என்பது மரியாதைக்குச் சொல்வது. சுவர்களின் நிறத்தைத் தேர்ந்தவர் அவருடைய இல்லத்தரசியார். சமையல் மேடையின் உயரத்தை விதித்தவரும் அவரே. கதவும் சன்னலும் கழுவுதொட்டியும், ஏன், குளியலறைக் குழாயின் கைப்பிடியும்கூட அம்மையாரின் சுட்டுவிரல் காட்டிய வழியே வந்து அமர்ந்தன. ஒவ்வொரு முறையும் நம் தலைவர் "உன் இஷ்டம்" என்று அருளிச்செய்து, ஓரடி பின்வாங்கி, பின்வாங்கியதையே பெருந்தன்மை என்று சொல்லித் தம்மைத் தேற்றிக்கொண்டார். எஞ்சியது தரை ஒன்றே. வருகிற விருந்தினரிடம் 'இது நான் சொன்னது' என்று கை நீட்டிக் காட்ட அவருக்கு மிஞ்சிய கடைசி இடம் அது. அதையும் இழந்தால் அந்த வீட்டில் தாமும் ஒரு விருந்தினரே என்று அவருக்குத் தோன்றியது. சொல்லிக்கொள்ளவில்லை, ஆனால் அது அவருக்கு நிஜமாகவே வலித்தது.

ஆகவே ஒரு நற்காலையில், வலப்பக்கம் இல்லத்தரசியார் வர, இடப்பக்கம் அவருடைய அண்ணனும் அக்கட்டடத்தின் மேஸ்திரியுமாகிய மைத்துனர் வர, நடுவே நம் தலைவர் நெற்றிக் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, தரைக்கடை என்னும் செருக்களம் புகுந்தார். "டெராசோ பாக்கறீங்களா சார்?" என்று தேன் சொட்ட மொழிந்தார் விற்பனையாளர். "மொசைக்குன்னு சொல்லுப்பா" என்று முழங்கினார் மைத்துனர். சிமெண்டில் கல் சில்லுகளைக் கலந்து ஊற்றி, இறுகியதும் அரைத்து மெருகேற்றினால் கிடைப்பதே இரண்டும். பெயர் மாறினால் விலை மாறும், அவ்வளவுதான் வேறுபாடு.

சுவரோரம் அணிவகுத்து நின்றன மாதிரிப் பலகைகள். விற்பனையாளர் ஈரத்துணியால் ஒன்றைத் துடைத்தார். ஆகா! வெண்சில்லும் கருஞ்சில்லும், செம்பு நிறச் சில்லும் பொன் நிறச் சில்லும், இடையிடையே மினுங்கும் சிப்பித் துணுக்குமாய், மிட்டாய்ப் பொட்டலம் பிரிந்து கொட்டியதுபோல் சிரித்த அப்பலகையைக் கண்ட கணமே மூக்குக்கண்ணாடியார் தம் நெஞ்சைப் பறிகொடுத்தார். கடைக்கும் அதுவே, வீட்டுக்கும் அதுவே என்று மனத்துக்குள் முரசு கொட்டிவிட்டார். அதே கணத்தில் அம்மையாரின் சுட்டுவிரல் எழுந்தது. அது வேறொரு பலகையில் சென்று நின்றது. பொடிச்சில்லு கலந்த, ஒரே நிறமான, வாயில்லாப் பூச்சி போன்ற சாம்பல்.

"எனக்கு இதுதான் புடிச்சிருக்கு" என்றார் தலைவர். அப்படி ஒரு வாக்கியத்தை அவர் வாயிலிருந்து கேட்டறியாத மைத்துனர் திரும்பிப் பார்த்தார்.

"பாக்க அழகாத்தான் இருக்கு. கடையில ஒரு ஸ்க்ரூ விழுந்தா இதுல எங்கேன்னு தேடுவீங்க?"

அம்மையார் எய்த அம்பு மார்பில் தைத்தது. பொன் நிறம், செம்பு நிறம், கருமை, வெண்மை என்று அவர் காதலித்த நிறங்கள் யாவும் திருகாணிகளின் நிறங்களே என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஆயினும் வீரர் அசையவில்லை. கடை அதிரப் பிரகடனம் செய்தார்: "பார்வையை விக்கிறவன் நான்! என் கண்ணுக்குத் தப்பி ஒரு ஸ்க்ரூ போயிருமா?"

"அப்ப போட்டுப் பாத்துருவோம் மாப்ளே" என்றார் மைத்துனர்.

கடையின் ஒரு மூலையில் அவ்விரு வகைத் தரையும் வாடிக்கையாளர் நடந்து பார்ப்பதற்காகப் அடுத்தடுத்துப் போடப்பட்டிருந்தன. தலைவர் கண்ணை மூட, அவர் பையிலிருந்து எடுத்த திருகாணி ஒன்று சாம்பல் தரையில் வீசப்பட்டது. கண்ணைத் திறந்தார், கண்டார். அதையே பின்பு பல்வண்ணத் தரையில் வீசினார்கள். அந்தோ! பூமி பிளந்து விழுங்கியதோ, புகையாய்க் கரைந்ததோ, பொன் நிறச் சில்லு ஒவ்வொன்றும் 'நானே திருகாணி' என்று பொய்ச்சான்று பகர, முழந்தாளிட்டு, கைகளை ஊன்றி, கன்னம் தரையில் படத் தவழ்ந்து, நகத்தால் சுரண்டிச் சுரண்டிச் சிமெண்டில் புதைந்த கற்களையெல்லாம் பிடுங்க முயன்றார் பார்வை விற்கும் பெருமான். சவால் விட்ட மைத்துனரும் பொறுக்கமாட்டாமல் வேட்டியை மடித்துக் கட்டிக் களத்தில் இறங்கினார். விற்பனையாளர் குப்புறப் படுத்துக் கைபேசி விளக்கை அடித்தார். மூவரும் ஒருவர் தலையில் ஒருவர் முட்டிக்கொண்டார்கள்.

அம்மையார் மட்டும் நின்றுகொண்டிருந்தார். ஆகவே அவருக்கு மட்டும் தெரிந்தது. தலைவரின் இடக்கை மெல்ல ஊர்ந்து சட்டைப்பைக்குள் போனது. வெளியே வந்தது. தரையைத் தொட்டது.

"கிடைச்சிருச்சு!"

வேறொரு திருகாணியை உயர்த்திப் பிடித்தபடி எழுந்தவரின் கண்கள் மனைவியின் கண்களைச் சந்தித்தன. குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று நிற்கிற அந்த முகத்தில், 'காட்டிக் கொடுத்துடாதே' என்ற கெஞ்சல் அப்பட்டமாகத் தெரிந்தது. அம்மையாருக்குச் சிரிப்பு வந்தது. கூடவே, இத்தனை நாளும் கேட்ட "உன் இஷ்டம்" எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்து, பாவமாகவும் இருந்தது. இந்த மனிதர் ஆசைப்பட்டுக் கேட்டது இது ஒன்றுதானே என்று நினைத்தார்.

"அதான் கிடைச்சிருச்சுல்ல? அவர் சொன்னதையே போட்டுரு அண்ணா" என்றார். சுட்டுவிரல் மடங்கியது.

வென்றார் மூக்குக்கண்ணாடியார்! கற்கள் வந்தன, கலவை ஊற்றப்பட்டது, அரவை எந்திரம் மதயானையெனப் பிளிறித் தெருவையே செவிடாக்கியது. கீழும் மேலும் ஒளிவெள்ளம் பாய, திறப்பு நாளில் வாசற்படியில் நின்று, வந்தோர் போவோர் அனைவரின் பார்வையையும் கீழ்நோக்கித் திருப்பி, "இது நான் சொன்னது, நானே சொன்னது" என்று திசையெட்டும் கேட்க முழங்கி, மனைவியாரின் புன்னகையே மகுடமாகச் சூடி, மொசைக் கொண்டார், மைத்துனரை வென்றார், மாடியும் கடையும் ஒரே தரையின்கீழ் ஆண்டார் என்னும் விருதுகள் விளங்க, அவர் தம் நாற்காலியில் வீற்றிருந்து முதல் கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றினார்.

மறுவாரம் அவரே போய், கடை முழுக்கப் போட ஒரு சாம்பல் நிற மேட் வாங்கிவந்தார்.