ஆமென் வராத பதினொரு நிமிடம்

கர்த்தருக்குள் என்றும் பிரியமான மருமகளுக்கு,

உன் தாய்மாமன், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன், எழுதிக்கொள்வது. இவ்விடம் தேவ கிருபையால் நானும் உன் அத்தையும் சுகம்; கூடத்து மின்விசிறி மட்டும் சுகமில்லை. அவ்விடம் நீயும் மாப்பிள்ளையும் புதிதாய் வந்திருக்கிற குட்டி மகாராணியும் சுகமாயிருக்கக் காலையும் மாலையும் முழங்கால் போட்டு ஜெபிக்கிறேன். முழங்கால் ஒத்துழைக்காத நாட்களில் நாற்காலியில் உட்கார்ந்து ஜெபிக்கிறேன், பலன் ஒன்றுதான்.

நடந்த எல்லாவற்றையும் நான் முன்கூட்டியே சொல்லிவிட்டேன் என்பதை முதலில் தெரிவித்துக்கொள்கிறேன். "யார்கிட்ட சொன்னீங்க?" என்று உன் அத்தை தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக் கேட்கிறாள். எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன் நான், கூட்டிப் பார்த்தால் பதினாறு வகுப்பு ஆகிறது. அவ்வளவு படித்தவன் தனக்குள் சொல்லிக்கொண்டால் போதாதா?

விஷயத்துக்கு வருகிறேன். "அம்மாவும் சித்தியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று குழந்தையைக் கையில் வாங்குவதானால் குழந்தையைக் கர்த்தருக்கு ஒப்புக்கொடுக்கிற பிரதிஷ்டை ஆராதனைக்கு அங்கே வருகிறேன், இல்லையென்றால் இங்கேயே முடித்துக்கொள்கிறேன், எனக்கு அந்த முகங்களை ஆளுக்கொரு பக்கமாகப் பார்க்கத் தெம்பில்லை மாமா" என்று நீ எழுதினாயே, அந்தக் கடிதத்தைக் கண்ணாடி துடைக்கிற மெல்லிய துணியில் சுற்றிக் கடை இழுப்பறையில் வைத்திருந்தேன். திருப்புளி எடுக்க இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் அது என்னை முறைத்தது. சண்டையின் காரணம் உனக்குத் தெரியும், ஆனாலும் நான் சொன்னால்தான் நன்றாயிருக்கும். உன் கல்யாண வரவேற்பில் உன் அம்மா நன்றியுரை வாசித்தாள். நாற்காலி இறக்கினவருக்கு நன்றி, மைக் கட்டினவருக்கு நன்றி, பெய்யாமல் போன மழைக்குக்கூட நன்றி. மூன்று நாள் சமையல்கட்டில் பாத்திரத்தோடு பாத்திரமாய்க் கிடந்த தங்கச்சியின் பெயர் மட்டும் வரவில்லை. அந்த நன்றியுரையை எழுதிக் கொடுத்தது நான்தான், என் கையெழுத்து அச்சு எழுத்துக்கே சவால். இரண்டு தாள் ஒட்டிக்கொண்டதில் உன் அம்மா சேர்த்துப் புரட்டிவிட்டாள் என்று அன்றைக்கே எல்லோருக்கும் விளக்கினேன். யார் கேட்டார்கள்? அன்றிலிருந்து நாலு வருஷம். ஒரே தெரு, ஒரே சபை. ஆராதனையில் சமாதானம் சொல்லிக் கைகொடுக்கிற நேரம் வந்தால் ஒருத்தி பைக்குள் எதையோ தேடுவாள், இன்னொருத்திக்குத் தும்மல் வரும்.

ஆகவே நான் ஒரு திட்டம் தீட்டினேன். உன் பிரசவம் நல்லபடியாக முடிந்ததற்கு என் வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்றரை மணி. பேத்திக்காக நடக்கிற ஸ்தோத்திரத்துக்கு எவள் வரமாட்டேன் என்பாள்? உன் அம்மாவிடம் "அவ வரமாட்டா" என்றேன். சித்தியிடம் "அக்கா வரமாட்டா" என்றேன். இது பொய்யில்லை, மருமகளே, எனக்கு அப்படித் தோன்றியது. உன் அம்மா வாசலில் நுழைந்ததும் கூடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அண்ணே, உன் வாயில நிஜம் வந்த வருஷம் எது?" என்றாள். "உள்ள வா, நெருக்கமா நாற்காலி போட்டிருக்கேன்" என்றேன். உன் சித்தி ஏற்கெனவே ஜன்னலோரம் உட்கார்ந்து, பாட்டுப் புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்திருந்தாள். தலைகீழாகப் பிடித்திருந்தாள்.

பதினாலு நாற்காலி வட்டமாகப் போட்டிருந்தேன். எங்கள் ஜெப ஐக்கியத்தில் ஒரு வழக்கம் உண்டு, நீ மறந்திருக்கமாட்டாய்: ஜெபிக்கும்போது எல்லோரும் கைகோத்துக்கொள்ள வேண்டும், ஜெபம் நடத்துகிறவர் ஆமென் சொல்லும்வரை கையை விடக் கூடாது, கண்ணைத் திறக்கக் கூடாது. போதகருக்கு அன்று பார்த்துத் தொண்டை கட்டிவிட்டது. கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல், "நீங்களே ஜெபம் பண்ணுங்க, கொஞ்சம் சுருக்கமா" என்றார். முதல் பாதி மட்டும் என் காதில் விழுந்தது.

உன் அம்மாவுக்கும் சித்திக்கும் நடுவே ஒரே ஒரு நாற்காலி. அதில் நம் எலக்ட்ரீஷியன் தம்பி, இரண்டு கம்பியை இணைக்கிற முடிச்சு போல, இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு கையைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். அப்போது மின்விசிறி கடக் கடக்கென்று தாடை ஆட்ட ஆரம்பித்தது. ஜெபத்துக்கு இடைஞ்சல் என்று அவர் எழுந்து சுவிட்சை அணைத்துவிட்டு முக்காலியில் ஏறினார். வட்டம் அறுந்துபோயிற்று. போதகர் வாயால் சொல்ல முடியாமல் இரண்டு கையையும் கோத்துக் காட்டினார். உன் அம்மா காலி நாற்காலியைப் பார்த்தாள். சித்தி சுவரைப் பார்த்தாள். கடைசியில் நாற்காலிக்கு மேலே ஈரத்துணியைத் தூக்குகிற மாதிரி இரண்டு விரலை நீட்டினாள் ஒருத்தி, இரண்டு விரலால் தொட்டாள் இன்னொருத்தி. எலக்ட்ரீஷியன் இறங்குவதற்குள் நான் "பரலோகப் பிதாவே" என்று ஆரம்பித்துவிட்டேன். மனுஷன் றெக்கையைப் பிடித்தபடி அப்படியே கண்ணை மூடிக்கொண்டார்.

என் ஜெபத்தைப் பற்றி நானே புகழக் கூடாது. ஆனால் வேறு யாரும் புகழவில்லை என்பதால் எழுதுகிறேன். ஜெபத்துக்கு முன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைப்பது என் வழக்கம். அப்படியே வைத்தேன். உன்னைத் தூக்கிப்போன ஆம்புலன்ஸுக்கு நன்றி சொன்னேன், அதற்கு வழிவிட்ட லாரிக்கு நன்றி சொன்னேன், நர்ஸம்மாவுக்கு, லிஃப்ட்டுக்கு, குழந்தை முதல் தடவை தும்மியதற்கு, நீ போனில் அழுததற்கு, அழுகையை நிறுத்தியதற்கு. ஜன்னல் கம்பி வழியாக வெயில் வந்து தரையில் கோடு கோடாகக் கிடந்தது. மின்விசிறி இல்லாத கூடத்தில் மனிதர்கள் மூச்சு விடுகிற சத்தம், அடுக்களையில் தேநீருக்கு வைத்த தண்ணீர் முனகுகிற சத்தம். "மேலும்" என்றேன். அந்த இடத்தில் தூங்கிப்போனேன்.

சிரிக்காதே. அது சாதாரணத் தூக்கம் இல்லை. வேதத்தில் யாக்கோபு கல்லில் தலைவைத்துத் தூங்கித் தரிசனம் கண்டான், நான் பிளாஸ்டிக் நாற்காலியில். கனவில் என் கடை இருந்தது, சுவர்தான் இல்லை. கண்ணாடிகள் எல்லாம் கொடியில் காய்த்தது போலத் தொங்கி மெல்ல ஆடின, ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன ஜன்னல், ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு சின்ன மத்தியானம். நான் நன்றி சொன்னவை எல்லாம் வரிசையாக வந்துகொண்டிருந்தன. நர்ஸம்மா வந்தார், லிஃப்ட் தானே நடந்து வந்தது, பத்து வருஷத்துக்கு முன்னே ரயிலில் விட்டுவிட்ட என் குடைகூட வந்தது, நனையாமல். என் இடத்தில் ஒருவர் சட்டைக்கையை மடித்துவிட்டு உட்கார்ந்து வந்தவர்களுக்கெல்லாம் கண்ணாடி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் தெரியவில்லை, வெயில் அந்தப் பக்கம். கை தெரிந்தது. உழைத்த கை. "எல்லாரும் வந்தாச்சா?" என்றார். "வந்தாச்சு ஐயா, பட்டியல் போட்டதே நான்தான்" என்றேன். "கடைசி நாற்காலி காலியா இருக்கே" என்றார். பார்த்தேன். யாருடையது என்று எனக்குத் தெரிந்தது, அவருக்கும் தெரியும் என்பதும் தெரிந்தது. சட்டென்று ஆமென் சொல்லிக் கடையைப் பூட்டிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "இரு. என்ன அவசரம்? தண்ணி இன்னும் கொதிக்கலை" என்றார்.

அப்படி நான் அங்கே இருக்க, இங்கே கூடத்தில் நடந்ததைத் தையல்காரம்மா பிற்பாடு சொல்லித்தான் எனக்குத் தெரியும், அவர் உன் அம்மாவுக்கு அடுத்த நாற்காலி. ஒருவரும் அசையவில்லை. நான் ஆழ்ந்த அமைதி ஜெபத்தில் இறங்கிவிட்டேன் என்று நினைத்தார்களாம். எலக்ட்ரீஷியன் முக்காலியில் சிலைபோல் நிற்கிறார். முதலில் இரண்டு விரல். கை வலிக்கும் இல்லையா, கொஞ்ச நேரத்தில் அது மூன்று விரலாயிற்று. அப்புறம் இரண்டு கையும் காலி நாற்காலியின் மேல் இறங்கி ஒன்றாக உட்கார்ந்துகொண்டன. அப்புறம் உன் அம்மா, கண்ணை மூடியபடியே, குசுகுசுவென்று:

"உன் கை ஏன்டி இப்படிச் சொரசொரன்னு இருக்கு?"

"மூணு நாள் ஒரு கல்யாண வீட்டுல பாத்திரம் தேய்ச்சேன். அதுலருந்து இப்படித்தான்."

"நாலு வருஷமாவா?"

"நீ பார்த்தியா, இல்லையே."

தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனதாம்.

"நான் தாளைப் பார்த்து வாசிச்சேன்" என்றாளாம் உன் அம்மா. "உன் பேரைத் தாளைப் பார்த்தா சொல்லணும்? மனசுலருந்து வந்திருக்கணும். வரலை. தப்பு என்னுதுதான்டி."

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தா நான் ரெண்டாம் பந்தியாவது சாப்பிட்டிருப்பேன்."

"நீ சாப்பிடவே இல்லையா?"

"வாயை மூடுக்கா. ஜெபம் நடக்குது."

இதற்கிடையில் நான் ஒரு குறட்டை விட்டேனாம். ஒன்றே ஒன்று, ஆனால் தரமானது. போதகர் அதற்கும் தலையசைத்தார் என்று கேள்வி.

மொத்தம் நாற்பது நிமிடம் ஆகியிருக்கும். பதினொன்று என்கிறாள் உன் அத்தை. அடுக்களையிலிருந்து தீய்ந்த வாடை வந்தது. ஆமென் இல்லாமல் எழுந்துபோகவும் முடியாது, பாத்திரத்தை விடவும் முடியாது. கடைசியில் அவளே, "ஆமென். பாத்திரம் போச்சு" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்கு ஓடினாள். எல்லோரும் கண்ணைத் திறந்தார்கள், கையை விட்டார்கள். இரண்டு பேர் மட்டும் விடவில்லை. எலக்ட்ரீஷியனை இரண்டு ஆள் பிடித்து இறக்கினோம். போதகர் என் காதருகே வந்து, "இத்தனை வருஷத்துல நீங்க பண்ணின ஜெபங்கள்ல இதுதான் நல்லா இருந்துச்சு" என்றார். அவருக்குத் தொண்டை கட்டியிருந்ததால் முழுதாகச் சொல்ல முடியவில்லை, இல்லாவிட்டால் இன்னும் புகழ்ந்திருப்பார்.

இப்போது தெருவில் எனக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கடைக்கு வருகிறவர்கள், "முழிச்சிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் கண்ணாடியைக் கழற்றுகிறார்கள். போகட்டும். மற்றவர்கள் விழித்திருந்து செய்ய முடியாததை நான் தூங்கியே முடித்தேன். உன் அம்மாவும் சித்தியும் தினமும் சண்டை போடுகிறார்கள், குழந்தையை முதலில் யார் வாங்குவது என்று. ஆகையால் டிக்கெட்டைப் போடு. மாப்பிள்ளைக்கு என் அன்பு, குட்டி மகாராணிக்கு நெற்றியில் ஒரு முத்தம். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும், முக்கியமாக வரத்தை, காப்பாராக.

இப்படிக்கு,
எல்லாவற்றையும் முன்னாலேயே அறிந்த
உன் மாமா

பின்குறிப்பு: உன் அத்தை துணி எடுக்க மாடிக்குப் போயிருக்கிறாள், அதற்குள் எழுதுகிறேன். நான் தூங்கவில்லை. கண்ணாடி மூக்கில்தான் இருந்தது. தையல்காரம்மாவுக்கு உன் அம்மா உட்கார்ந்திருந்த பக்கத்துக் காது கேட்காது என்பது உனக்குத் தெரியும். கனவு இந்தக் கடிதத்தில் பேனா வைத்த பிறகுதான் வந்தது. "மேலும்" என்று சொல்லி, உன் சித்தியின் பெயரைச் சொல்வதற்காகக் கண்ணைத் திறந்தேன். மூன்றாவது விரல் சேர்வதைப் பார்த்துவிட்டேன். ஆமென் சொன்னால் விட்டுவிடுவார்களே. முக்காலியிலிருந்து எலக்ட்ரீஷியன் ஒற்றைக் கண்ணைத் திறந்து என்னைப் பரிதாபமாகப் பார்த்தபோது விட்டதுதான் அந்தக் குறட்டை. நான் கேட்டது தெரிந்தால் உன் அம்மா வெட்கப்பட்டு மறுபடி கையை இழுத்துக்கொள்வாள்; ஆகவே தூங்கினேன் என்றே இருக்கட்டும். ஒட்டிக்கொண்ட இரண்டு தாளைப் பற்றி, அதில் உன் சித்தியின் பெயரை நான் எழுதியிருந்தேனா என்பதைப் பற்றி மட்டும் என்னைக் கேட்காதே. அன்றைக்கு ஆமென் சொன்னது உன் அத்தை. நான் இன்னும் சொல்லவில்லை. நீ வா. இரண்டு பேரும் குழந்தையைக் கையில் வாங்கட்டும். அப்போது சொல்கிறேன்.