காளான் கறியும் கத்தார் மெடிக்கலும்

பயம் வந்தால் சிலர் ஓதுவார்கள், சிலர் ஒப்பாரி வைப்பார்கள். நான் பக்கத்தில் இருப்பவருக்குத் தண்ணீர் கொடுப்பேன். அந்தப் பழக்கத்துக்கு முதலில் அகப்பட்டவர் என் கணவர் ஹம்சா.

நாட்டில் சண்டை முடிந்திருந்த காலம். எங்களுக்குக் கல்யாணமாகிச் சில மாதம்தான். கற்பிட்டியில் வெங்காயச் செய்கை காலை வாரியதால், இவர் கத்தாரில் டிரைவர் வேலைக்குப் பதிந்திருந்தார். கொழும்பில் மெடிக்கல்; மூத்திரத்தில் போதைப்பொருள் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். அதில் பெயிலானால் விசா வேறு ஆளுக்குப் போய்விடும் என்று ஏஜன்ட் சொல்லியிருந்தார். போகப்போகிற மனுசன் ருசியாகச் சாப்பிடட்டுமே என்று, முந்தின நாள் தென்னந்தோட்டத்தில் மழைக்கு முளைத்த காளானைப் பிடுங்கிப் பால்கறி ஆக்கினேன். சட்டியை வழித்துச் சாப்பிட்டார்.

விடியப்புறம் எங்களை பஸ் ஏற்றிவிட என் நானா, கூடப்பிறந்த அண்ணன், வந்தார். கண்டக்குழியில் சுற்றுலா லொட்ஜ் ஒன்றில் அவருக்கு வேலை. மாட்டுச் சாணியில் முளைக்கிற ஒரு காளானைத் தின்றால் இல்லாத நிறமெல்லாம் தெரியுமாம், அதுவும் போதைப்பொருள்தானாம் என்று வெள்ளைக்காரர்களிடம் கேட்டதைச் சொன்னார். சோதனையில் பிடிபடுமா என்று தனக்குத் தெரியாது என்றும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். (இவரெல்லாம் ஒரு நானா!) நான் காளான் பிடுங்கிய தோட்டத்தில்தான் மாமாவின் மாடும் மேயும்.

“வானத்தில ஏதும் நிறம் தெரியுதா?” என்று இவரைக் கேட்டேன்.

“விடியுது புள்ள,” என்றார்.

என் மூளைக்கு எட்டிய ஒரே வைத்தியம், உள்ளே கழுவி விடுவது. வழிநெடுகச் செவ்விளநீர், பார்லித் தண்ணீர், போத்தல் தண்ணீர். கொடுத்ததையெல்லாம் குடித்தார், பாவம். ஒதுங்கப் போக பஸ்ஸை நிறுத்தி நிறுத்தி, சிலாபம் வருமுன்னே கொண்டக்டருக்கு இவருடைய பெயர் பாடமாகிவிட்டது.

லேபில் இருந்த மிஸ், இவர் கொடுத்த மூத்திரப் போத்தலைத் தூக்கிப் பார்த்தார். வெறும் தண்ணீராக இருக்கிறது, எடுக்க ஏலாது, நாளைக்கு வாங்க என்றார். போதை பாவிக்கிறவர்கள்தான் இப்படிக் குடித்துவிட்டு வருவார்கள் என்று சொல்லி இவரை ஒரு பார்வையும் பார்த்தார். என் மாப்பிள்ளையை அப்படிப் பார்க்க நான் விடுவேனா?

“கஞ்சா இல்ல மிஸ், காளான்,” என்றேன். வரிசையே திரும்பிப் பார்த்தது. இவர் சுவரைப் பார்த்தார்.

மிஸ் சிரித்து முடிய நேரமெடுத்தது. இந்தச் சோதனையில் தேடுவது கஞ்சா, அபின் மாதிரியானவற்றைத்தானாம். மயக்கும் காளானாக இருந்தாலும் இதில் காட்டாதாம். அதற்கென்று தனிச் சோதனை வேண்டும், அதுவும் ஒரு நாள் போனால் பெரும்பாலும் பிடிபடாதாம். “கறிக் காளான் எதிலயும் வராது தங்கச்சி. நாளைக்குத் தண்ணியக் குடுக்காம கூட்டி வாங்க.”

அன்று பின்னேரம் முழுக்கக் கடலோரம், காலிமுகத்திடலில் இறால் வடை தின்றபடி இருந்தோம். மாமி, மதினி யாரும் இல்லாமல் நாங்கள் இருவர் மட்டும் கழித்த முதல் பின்னேரம் அதுதான். என்ன சந்தோஷம்! மறுநாள் பாஸாகி, அந்த மாதமே பறந்துவிட்டார். நான் அழுது தீர்த்தேன்.

இன்றைக்கும் கத்தாரிலிருந்து வந்த லீவு முடியப் போகிறதென்றால், பிள்ளைகள் சிரிக்கச் சிரிக்க அவர் சொல்வார்: “காளான் கறி ஆக்கு புள்ள. இன்னொரு நாள் நிண்டிட்டுப் போறன்.”