ஏழாம் நரம்பு லீவில் இருந்தபோது

ஓசூர்

அன்புள்ள கோவிந்தன் மாமாவுக்கு,

இல்லை மாமா, கண்ணடிக்கவில்லை. இமைத்தேன். ஒரு கண்தான் மூடியது. நீங்கள் போனை எடுக்காததால் கடிதம். சிங்காரப்பேட்டையில் நீங்களும் அத்தையும் நலமாக இருக்க வேண்டும். கோபம் மட்டும் இறங்க வேண்டும்.

மூன்று வாரம் முன்பு. வாய் கொப்பளித்தேன், வலது கடைவாயில் ஒழுகியது. கண்ணாடியில் பாதி முகம் தூங்கியது. கம்பெனி வாசலில் முகம் பார்த்து வருகை போடும் மெஷின் என்னை யாரோ என்றது. உள்ளே போனால், நான் இமைக்கும்போதெல்லாம் சூப்பர்வைசர் மணிகண்டன் காலரைச் சரிசெய்துகொண்டார். அம்மா பஸ் ஜன்னல் காற்று என்றாள், டாக்டர் குருமூர்த்தி வைரஸாக இருக்கலாம் என்றார், "நெத்தியச் சுருக்கும்மா" என்றார், வலது பாதி அசையவில்லை, "ரொம்ப நல்லது" என்றார், அம்மா அழ ஆரம்பித்தாள்.

மருந்துச் சீட்டின் பின்னால் படம் போட்டார். மூளைத்தண்டு. கட்டைவிரல் பருமன். அதற்குள் நரம்பணுக்கள் கூட்டம் கூட்டமாக. ஒவ்வொரு கூட்டத்தையும் கரு என்கிறார்கள். ஒன்று நாக்குக்கு, ஒன்று மெல்லுவதற்கு. எங்கள் கம்பெனி அசெம்பிளி லைன் மாதிரி, யாரும் அடுத்தவர் வேலையைத் தொடுவதில்லை. கண்ணைத் திறப்பது மூன்றாம் நரம்பு, மூடுவது ஏழாம் நரம்பு. எனக்கு மூடுகிறவர் லீவு. நெற்றிக்கு மூளையின் இரண்டு பக்கமிருந்தும் உத்தரவு வருமாம். மூளையில் கோளாறு என்றால் நெற்றி தப்பித்திருக்கும். தப்பிக்காததால் மூளை நலம். கருவும் நலம். வெளியே வந்த நரம்புதான் காதருகே எலும்புச் சந்தில் வீங்கி நிற்கிறது, ஜூஜுவாடி செக்போஸ்டில் லாரி நிற்பதுபோல.

இதை மாப்பிள்ளை வீட்டாரிடம் முதலிலேயே சொல்லலாம் என்றேன். "சொன்னா வரவே மாட்டாங்க, மூஞ்சிய ஆட்டாம உக்காரு கண்ணு" என்றது இந்த வரனைக் கொண்டுவந்த நீங்கள்தான்.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். அம்மா என்னை நல்ல பக்கம் தெரிய உட்காரவைத்தாள். காபி ஒழுகியது. சிரித்தேன், பாதி வந்தது. பிறகு அந்த இமைப்பு.

"ஏங்க, பொண்ணு ஒங்களப் பாத்து கண்ணடிக்குதே?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா சரோஜம்மாள்.

"நான் என்னாடி பண்ணேன்? மிச்சர் தின்னுட்டிருந்தேன்" என்றார் அவர் கணவர் சென்னகிருஷ்ணன்.

"முப்பது வருசமா ஒருத்தியும் அடிக்கல. இன்னிக்கி மட்டும் எப்டி? எந்திரிங்க!"

எழுந்துவிட்டார்கள். மாப்பிள்ளை மாதேஷ் வாசல்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது மாமா. வேறு இடம் பார்க்காதீர்கள். டாக்டர் சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். தொரப்பள்ளிக்குப் போய் அவர்களிடம் காட்டி, இது நரம்பு, நடத்தை இல்லை என்று சொல்லுங்கள்.

அத்தைக்கு வணக்கம். உங்கள் ஆசியை முழு முகத்தோடு வாங்கிக்கொள்ள வருகிறேன்.

பிரியதர்ஷினி

பின்குறிப்பு: வாய்தான் இன்னும் சரியாகவில்லை. வலது கண் வெள்ளிக்கிழமையே மூட ஆரம்பித்துவிட்டது. ஞாயிறு காலை கண்ணாடியில் சரிபார்த்தேன், இரண்டும் சேர்ந்தே மூடின. நான் கண்ணடித்தது மாதேஷைப் பார்த்து. அந்த நொடியில் அவர் அப்பா மிச்சருக்காகக் குறுக்கே சாய்ந்துவிட்டார். தொரப்பள்ளியில் இதைச் சொல்ல வேண்டாம். கடிதத்தை எழுதி முடித்ததும் மாதேஷுக்கு மட்டும் போன் செய்து சொல்லிவிட்டேன்.