பல்க்காக வந்த பலாப்பழம்

'பல்க்' என்ற சொல்லை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று யாராவது கேட்டால் என்னிடம் அனுப்புங்கள். எப்படிப் பயன்படுத்தக் கூடாது என்பதில் எனக்கு நேரடி அனுபவம் உண்டு.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. சேலத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் கொள்முதல் பிரிவில் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அங்கே பருப்பு பல்க், சோப்பு பல்க், எல்லாமே பல்க். (என் வேலை, வந்த மூட்டைகளில் ஸ்டிக்கர் ஒட்டுவது. அதை ஊரில் யாரிடமும் சொல்லவில்லை.) லீவில் சொந்த ஊரான ஏற்காட்டுக்கு வந்தால், ஒண்டிக்கடை முக்கிலிருக்கும் பழக்கடையில் "பல்க்கா எடுத்தா என்ன ரேட்டு?" என்று கேட்டுவிட்டு நாலு வாழைப்பழம் வாங்குவேன்.

அந்த மே மாதம் என் அக்கா சுதாவைப் பெண் பார்க்க ஆத்தூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. அக்காவுக்கு மாப்பிள்ளையை ஏற்கெனவே பிடித்திருந்தது. இருவரும் ஒரே வங்கித் தேர்வு வகுப்பில் படித்தவர்கள். சம்மதிக்க வேண்டியவர் மாப்பிள்ளையின் அப்பா. அவருக்கு ஆடம்பரம் ஆகாது. மூத்த மகனுக்குப் பார்த்த ஒரு வீட்டில் ஏழு வகைப் பலகாரம் வைத்தார்கள் என்பதற்காகவே வேண்டாமென்று எழுந்து வந்தவராம். அதனால் கேசரியும் பலாச்சுளையும் போதும் என்று முடிவு செய்த அம்மா, "மஞ்சக்குட்டைக்குப் போயி நல்ல பழமா ரெண்டு சொல்லிட்டு வா" என்று என்னை அனுப்பினார்.

ரெண்டு. அம்மா தெளிவாகத்தான் சொன்னார்.

பக்கத்து மலைக் கிராமமான மஞ்சக்குட்டையில் ராமசாமி அண்ணன் காப்பிச் செடிகளுக்கு நடுவே நின்றிருந்தார். எங்கள் மளிகைக் கடைக்குப் பழம் தருபவர். "ஏனுங்க தம்பி, பழம் எத்தனைங்க வேணும்?" என்றார். பக்கத்தில் நாலைந்து பேர் என் புது ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் ரெண்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"பல்க்காவே எடுத்துக்கலாமுங்க. நாளைக்குக் காலைல ஊட்டுக்கு அனுப்பிருங்க."

"பல்க்குன்னா நெறையத்தானுங்களே?"

"நெறையத்தானுங்க."

"சரிங்க" என்றார். அவர் தோட்டத்தில் பழுத்துத் தொங்கியதே மூன்றோ நாலோதான். மிஞ்சிப்போனால் அவ்வளவுதான் வரும் என்று நினைத்து பைக்கைக் கிளப்பினேன்.

கடைக்காரர் மகனான எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று தெரியவில்லை. அந்த ஊரில் பெரிய ஆர்டர் வந்தால் ஒரே வீடு எடுத்துக்கொள்ளாது; எல்லா வீடும் பிரித்துக்கொள்ளும். ராமசாமி அண்ணன் ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வாய்ஸ் போட்டார். இருபத்திரண்டு வீடு. வீட்டுக்கு ரெண்டு.

மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் பத்து மணிக்கு வருவதாகப் பேச்சு. ஒன்பதரைக்கு ராமசாமி அண்ணனோடு பிக்கப் வண்டி வந்து நின்றது. நாற்பத்து நான்கு பலாப்பழங்கள். வாசல் நிறைந்தது, முன்னறை நிறைந்தது, வாடகைக்கு எடுத்த நாற்காலிகளிலும் பழங்கள் உட்கார்ந்தன. வாசனை பஸ் ஸ்டாண்டு வரை போயிருக்கும். திருப்பி எடுத்துப் போக முடியுமா என்று அப்பா கெஞ்சிப் பார்த்தார். "பறிச்சதைத் திருப்பி எந்த மரத்துல மாட்டறதுங்க?" என்று ராமசாமி அண்ணன் நியாயமாகவே கேட்டார்.

புடவை கட்டி வெளியே வந்த அக்கா பழங்களைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கண் கலங்கி உள்ளே போய்விட்டாள். அவள் திட்டியிருந்தால் தேவலை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கார் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா இறங்கி, வழியில்லாமல் அங்கேயே நின்றார். "என்னங்க, இன்னிக்கே கல்யாணமுங்களா?"

நான்தான் முன்னால் போனேன். "அம்மா ரெண்டுதானுங்க வாங்கச் சொன்னாங்க. நாந்தான் பெருமைக்குப் பல்க்குன்னு சொல்லிட்டேன்."

அவர் ராமசாமி அண்ணன் பக்கம் திரும்பினார். "அதுக்கு இத்தனையாங்க?"

"ஒருத்தரு மரத்துல மட்டும் பறிச்சா மத்த ஊட்டுக்காரங்க பாவமில்லைங்களா?"

மாப்பிள்ளையின் அப்பா பழங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டு, "வீணாப் போகக் கூடாதுங்க. கத்தியும் எண்ணெயும் கொண்டாங்க" என்றார்.

எண்ணெயை அக்காதான் கொண்டுவந்தாள். காப்பித் தட்டோடு வந்து நிற்க வேண்டியவள், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வருங்கால மாமனாருக்கு எதிரே உட்கார்ந்து பழம் பிளந்தாள். இரண்டு வீட்டாரும் மதியம் வரை சுளை எடுத்தோம். தெருவில் ஒரு வீடு விடாமல் கொடுத்தோம். பெண் பார்க்கும் சடங்கு நடந்ததாக யாருக்கும் நினைவில்லை.

கிளம்பும்போது மாப்பிள்ளையின் அப்பா, விரலில் ஒட்டிய பிசினைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "பொண்ணு எங்களுக்கு நொம்பப் புடிச்சிருக்குதுங்க. ஒண்ணே ஒண்ணு. கல்யாணத்துக்குச் சாமான் வாங்க இந்தத் தம்பிய அனுப்பாதீங்க."

கல்யாணத்தில் எனக்குப் பன்னீர் தெளிக்கும் வேலை மட்டும் கிடைத்தது. அதிலும் மாப்பிள்ளை, "பல்க்கா தெளிச்சிராதீங்க" என்றார். (என் அந்த மாதச் சம்பளம் பழமாகப் போனதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.)

இன்றும் நான் கொள்முதல் வேலையில்தான் இருக்கிறேன். எண்ணைச் சொல்லாமல் பல்க் என்று சொல்வதே இல்லை. புதிதாகச் சேருபவர்களுக்கும் முதல் நாளே அதைச் சொல்லிவிடுவேன்.

அந்த விதியிலிருந்து அக்காவுக்கு மட்டும் விலக்கு. ஒவ்வொரு மே மாதமும் ஆத்தூரிலிருந்து போன் செய்வாள். "இந்த வருசம் பல்க்கா தங்கப் போறேன்டா" என்பாள். எத்தனை நாள் என்று நான் கேட்பதில்லை.